மக்காச்சோளம் வெளுத்தால் மருந்துக்கு முன் குருத்தைப் பாருங்கள்

போன மாசியில் ஒரு காலை, வாழப்பாடி பக்கத்திலிருந்து பெரியப்பா மொபெட்டில் வந்து இறங்கினார். முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு மக்காச்சோளச் செடி, வேரில் ஈர மண்ணோடு கிடந்தது. 35 நாள் பயிர். அதற்குள் மூன்று முறை மருந்து அடித்துவிட்டார். கடையில் ஒவ்வொரு தடவையும் வேறு பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். "பேன் செத்துப்போச்சு கண்ணு, ஆனா இலை மட்டும் பச்சை திரும்ப மாட்டேங்குது" என்றார்.

செடியைத் திண்ணையில் வைத்து, வெளி இலைகளை ஒவ்வொன்றாக விலக்கி, குருத்துக்குள் இருந்த கடைசி இலையை மெதுவாக உருவினேன். அதன் அடிப்பகுதியை வெயிலுக்கு எதிரே பிடித்தபோது எல்லாம் தெரிந்துவிட்டது. இளம்பச்சைப் பரப்பில் கரும்பச்சைத் தீவுகள். கோடாகவும் இல்லை, வட்டமாகவும் இல்லை. மை தெளித்ததுபோல ஒழுங்கில்லாமல் கிடந்தன. மரவள்ளி போட்டுப் பழகிய சேலத்துக்காரர்களுக்கு இது பழக்கமான முகம்தான். தேமல் என்ற வைரஸ் நோய். மரவள்ளியில் வெள்ளை ஈ கொண்டு வரும், இங்கே அசுவினி கொண்டு வருகிறது. பெரியப்பா பேன் என்றது இந்த அசுவினியைத்தான்.

"மறுபடியும் அடிக்காதீங்க பெரியப்பா" என்றேன். ஏன் என்று சொல்லிப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. அந்த அரைமணிப் பேச்சைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல், வாழப்பாடி பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர்கள், மாட்டுக்குச் சோளத்தட்டு வைத்திருப்பவர்கள், சேர்வராயன் மலையில் கேழ்வரகு விதைப்பவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும்.

முதல் வேலை: வயலைச் சுற்றி ஒரு நடை

செடியைப் பார்ப்பதற்கு முன் வயலைப் பாருங்கள். வெளுத்த செடிகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

இங்கொன்று அங்கொன்றாக, நோய்ச் செடிக்குப் பக்கத்திலேயே கரும்பச்சையில் நல்ல செடி நிற்கிறது, வரப்போரம் கொஞ்சம் அதிகம் என்றால் பூச்சி கொண்டு வந்த நோயைச் சந்தேகப்படலாம். ஒரு மேடோ பள்ளமோ முழுக்க ஒரே மாதிரி வெளுத்திருந்தால் மண்ணில்தான் குறை. தெளிப்பான் போன தடத்திலேயே, அதுவும் ஆள் திரும்பும் கோடியில் அதிகமாகத் தெரிந்தால், களைக்கொல்லி கூடிவிட்டது என்று பொருள். இலை சுருண்டு வெங்காயத்தாள்போல நிற்பதும் பெரும்பாலும் களைக்கொல்லியின் வேலைதான்.

காலை ஆறரைக்கு ஒரு தடவை, வெயில் ஏறியபின் ஒரு தடவை என்று இரண்டு முறை போங்கள். காலையில் மட்டும் தெரிந்து பிறகு மறைந்துவிடும் ஒரு அறிகுறி இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

அறிகுறி: குருத்திலையின் அடியில் ஒழுங்கில்லாத இளம்பச்சைத் திட்டுகள்

இது தேமல் வைரஸ். கரும்பில் தேமல் உண்டாக்கும் வைரஸும் அதன் நெருங்கிய சொந்தங்களும்தான் மக்காச்சோளம், சோளம், கேழ்வரகு எல்லாவற்றிலும் ஏறுகின்றன. முற்றிய இலையில் தேடினால் குழப்பமே மிஞ்சும். வயதான இலையில் திட்டுகள் மங்கி, பொதுவான மஞ்சளாகிவிடும். குருத்துக்குள் இருக்கும் இளம் இலையின் அடிப்பாகம்தான் உண்மையைச் சொல்லும் இடம். சந்தேகம் இருந்தால் பத்துச் செடியின் குருத்தை உருவிப் பாருங்கள்.

செடியில் இப்போது பேன் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வைரஸை வைத்த பேன் அந்தச் செடியில் குடியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. இதுதான் எல்லோரும் சறுக்கும் இடம், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

அசுவினிக்கு வாயில் ஊசிபோல ஒரு குழல் உண்டு. இறக்கை முளைத்த அசுவினி ஒரு செடியில் இறங்கியதும், இது தன் சாப்பாடா இல்லையா என்று மேல்தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும். பிடிக்கவில்லை என்றால் அடுத்த செடிக்குப் பறந்துவிடும். நோயுள்ள செடியில் அப்படிக் குத்தும்போது, சில நொடிகளில் வைரஸ் அந்த ஊசி நுனியில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த செடியில் குத்தும்போது அதேபோல் சில நொடிகளில் அங்கே இறங்கிவிடுகிறது. இரண்டு மூன்று செடி குத்தியதும் ஊசி சுத்தமாகிவிடும்; பேன் பழையபடி வெறும் பேன்தான்.

இப்போது மருந்தை நினைத்துப் பாருங்கள். மருந்து பட்ட இலையில் இறங்கும் பேன் சாவதற்குச் சில நிமிடமாவது ஆகும், சிலவற்றுக்கு மணிக்கணக்கும் ஆகும். வைரஸ் இறங்குவதற்கோ நொடிதான் வேண்டும். பேன் சாகிறது, ஆனால் வேலையை முடித்துவிட்டுச் சாகிறது. சில மருந்துகள் பட்டால் பேன் ஓரிடத்தில் நிற்காமல் தவித்து நாலு செடி கூடுதலாக ஏறி இறங்கும். அப்போது நோய் பரவுவது கூடிவிடுகிறது. பெரியப்பாவின் வயலில் மூன்று தெளிப்பில் போன பணத்துக்குக் கிடைத்தது, பேனைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டுகள் செத்ததுதான்.

இன்னொன்று. மக்காச்சோளத்தில் குடியிருக்கும் பேன் மட்டும் இதைக் கொண்டு வருவதில்லை. பருத்தியில், தட்டைப்பயறில், மிளகாயில் வாழும் பேன்களும் போகிற வழியில் இறங்கிக் குத்திவிட்டுப் போகும். அவை நம் செடியில் குட்டி போடாது, கூட்டமாகத் தெரியாது, ஆனாலும் நோயை வைத்துவிடும். அதனால்தான் "பேனே இல்லையே, எப்படி வந்தது?" என்று பலர் கேட்கிறார்கள்.

சரி, வேப்பெண்ணெய்? எண்ணெய்ப் படலம் ஊசி நுனியில் வைரஸ் ஒட்டுவதையும் இறங்குவதையும் ஓரளவு தடுக்கும் என்பது உருளைக்கிழங்கு விதைப் பயிர்களில் கனிம எண்ணெய் அடித்துக் கண்ட அனுபவம். மக்காச்சோளத்தில் குருத்து நாளுக்கு நாள் புது இலை விடுவதால் படலம் மூடாத இடம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். வேப்பெண்ணெயை நான் பேன் கூட்டத்தைக் குறைப்பதற்கு வைத்துக்கொள்கிறேன். தேமலுக்கு என்று அடிப்பதில்லை.

வலையில் படித்துவிட்டு வருபவர்களுக்கு

தானியப் பயிர், அசுவினி, வைரஸ் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது பார்லி மஞ்சள் குட்டை நோய். 1951-ல் கலிபோர்னியாவில் ஆஸ்வால்டு, ஹூஸ்டன் என்ற இருவர் அது அசுவினியால் பரவும் வைரஸ் என்று காட்டினார்கள். கோதுமை, பார்லி, ஓட்ஸ் விளையும் குளிர் நாடுகளில் பெரிய தலைவலி. அங்கே விதை நேர்த்தி, சரியான நாளில் ஒரு தெளிப்பு என்று மருந்தாலேயே நல்ல பலன் எடுக்கிறார்கள். நம்மவர்கள் அதைப் படித்துவிட்டு, இங்கேயும் அடித்தால் நிற்கும் என்று நம்புகிறார்கள்.

அந்த வைரஸ் வேறு சாதி. அது பேனின் உடம்புக்குள் போய், ரத்தத்தில் சுற்றி, எச்சில் சுரப்பிக்கு வந்து சேர்ந்தால்தான் அடுத்த செடிக்குப் போகும். நோய்ச் செடியில் பேன் மணிக்கணக்கில் சாறு குடிக்க வேண்டும், அப்புறம் ஏறக்குறைய ஒரு நாள் காத்திருக்கவும் வேண்டும். ஒரு தடவை ஏறிவிட்டால் அந்தப் பேன் சாகும்வரை பரப்பும். இவ்வளவு நேரம் கிடைப்பதால் மருந்து முந்திக்கொள்கிறது. நம் மக்காச்சோளத் தேமலில் அந்த நேரம் கிடையாது.

அறிகுறி: நரம்புக்கு நடுவே நேர்கோடாக வெளுப்பு

இலையின் அடி முதல் நுனி வரை, நரம்பு பச்சையாக இருக்க, இடைவெளி மட்டும் ஒரே சீராக வெளுத்திருந்தால் வைரஸைத் தேடவேண்டாம். இளம் இலையில் அப்படி என்றால் இரும்புச் சத்துக் குறை. சுண்ணாம்பு கலந்த மண்ணில் அடிக்கடி வரும். 10 லிட்டர் டேங்குக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 50 கிராம், ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து, மாலையில் அடியுங்கள்.

நடு நரம்பின் இரண்டு பக்கமும், இலையின் கீழ்ப் பாதியில், அகலப் பட்டையாக வெண்மஞ்சள், குருத்தே வெள்ளையாக வெளிவருவது என்றால் துத்தநாகக் குறை. ஜிங்க் சல்பேட் 50 கிராம், யூரியா 100 கிராம், 10 லிட்டர் தண்ணீர். அடி இலை நுனியிலிருந்து நடு நரம்பு வழியாகக் கவட்டைக் குச்சி வடிவில் மஞ்சள் இறங்கினால் தழைச்சத்து. நாற்றுப் பருவத்தில் இலை ஊதாவாக இருந்தால் மணிச்சத்து, அல்லது குளிரில் வேர் எடுக்காமல் நிற்பது.

இதில் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. வயல் முழுக்க அடிக்காதீர்கள். பத்துச் செடிக்கு மட்டும் அடித்து, தண்டில் துணி கட்டி வையுங்கள். ஒரு வாரம் பத்து நாள் கழித்து அந்தச் செடிகளில் புதிதாக வந்த இலை பச்சையாக இருந்தால் சத்துக் குறைதான். புது இலையிலும் அதே திட்டுகள் வந்தால் வைரஸ். ஐந்து ரூபாய் செலவில் இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது.

அறிகுறி: காலையில் இலையடியில் வெள்ளைப் பூச்சு

ஆறரை மணிக்குப் போகச் சொன்னது இதற்காகத்தான். பனி ஈரத்தோடு இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் மாவு தூவியதுபோல மெல்லிய வெள்ளைப் பூசணம் இருக்கும். வெயில் ஏறினால் போய்விடும். இலையின் அடிப்பாதி மட்டும் வெளுத்து, மேற்பாதி பச்சையாக, நடுவே கத்தியால் வெட்டியதுபோல எல்லை தெரியும். செடி ஒல்லியாக, இலை விறைத்து நிமிர்ந்து நிற்கும். இது அடிச்சாம்பல் நோய். பூசணம்தான், வைரஸ் இல்லை. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் வெளுத்தது என்றால் தேமலுக்கு முன் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இதற்கு மருந்து உண்டு, ஆனால் விதைக்கும்போதே. மெட்டலாக்சில் கிலோ விதைக்கு 6 கிராம் என்ற விதை நேர்த்தி. நோய் வந்த செடி தேறாது. பிடுங்கி எரியுங்கள். அப்படியே உழுது மண்ணில் விட்டால் விதைபோன்ற வித்துகள் மண்ணிலேயே வருடக்கணக்கில் கிடக்கும். சோளத்திலும் ஏறும், மக்காச்சோளத்திலும் ஏறும்.

அறிகுறி: அறுபடாத மஞ்சள் கோடுகள், குருத்து வளைந்து நிற்கிறது

இலையின் அடியிலிருந்து நுனி வரை ஒரே ஓட்டமாக மஞ்சள் கோடுகள், அடுத்து வரும் இலை முழுக்கவே வெளிறி, செடி குட்டையாகி, உச்சி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அது கோட்டு வைரஸ். இதை அசுவினி கொண்டு வருவதில்லை. குருத்துக்குள் உட்கார்ந்திருக்கும் சோளத் தத்துப்பூச்சி கொண்டு வருகிறது. குருத்தைத் தட்டினால் பக்கவாட்டில் நடந்து ஒளியும் பூச்சி அதுதான். தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கே வைரஸ் போய்விடும். பூச்சியின் உடம்பில் தங்கும் வைரஸ் என்பதால் இங்கே இளம் பயிரில் தத்துப்பூச்சியைக் கட்டுப்படுத்துவதில் அர்த்தம் இருக்கிறது. பேனா தத்துப்பூச்சியா என்று தெரியாமல் மருந்து வாங்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அறிகுறி: சோளத்தட்டு சிவக்கிறது

சோளம் எதற்கெடுத்தாலும் சிவக்கும் பயிர். பேன் உறிஞ்சினாலும் சிவக்கும், இலைப்புள்ளி வந்தாலும் சிவக்கும், சிலந்திப்பேன் ஏறினாலும் சிவக்கும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். முதலில் குருத்தில் தேமல் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். தேமல் உள்ள செடியில், மார்கழி தை மாதக் குளிர் இரவுகள் தொடர்ந்து வந்தால், சில ரகங்களில் அந்தத் திட்டுகள் செங்கோடுகளாகி இலை கருகும். ஏற்காட்டு அடிவாரத்திலும் மலை மேலும் பயிர் வைத்திருப்பவர்கள் பொங்கலை ஒட்டி இதைப் பார்க்கலாம். வெயில் திரும்பியபின் வரும் இலையில் மறுபடி வெறும் தேமல்தான் தெரியும்.

மாட்டுக்குச் சோளம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மறுதாம்பு விட்டு வருடம் முழுக்க வெட்டும் தீவனச் சோளம் பால் மாட்டுக்கு நல்லதுதான், எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் அதில் தேமல் ஏறிவிட்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் நோயோடுதான் துளிர்க்கும். மக்காச்சோளம் முளைக்கும் நேரத்தில் பக்கத்திலேயே நோய்க்கும் பேனுக்கும் வீடு கட்டிக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும். மக்காச்சோளம் விதைப்பதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே தீவனச் சோளத்தை ஒட்ட அறுத்து, புதுத் துளிரில் தேமல் தெரியும் தூர்களைத் தோண்டி எடுத்துவிடுங்கள்.

பிடுங்கிய செடியை மாட்டுக்குப் போடலாமா என்று கேட்பார்கள். செடி வைரஸ் மாட்டை ஒன்றும் செய்யாது. மக்காச்சோளச் செடி தாராளமாகப் போடலாம், ஆனால் மருந்து அடித்த வயலாக இருந்தால் பாட்டிலில் போட்ட காத்திருப்பு நாள் முடிந்திருக்க வேண்டும். சோளம் அப்படி இல்லை. 45 நாளுக்குள் இருக்கும் இளஞ்சோளத்திலும், தண்ணீர் இல்லாமல் வாடிய சோளத்திலும் சயனைடு விஷம் இருக்கும். மாடு தின்றால் சில நிமிடங்களிலேயே விழுந்துவிடும். அதை உரக்குழியில் போடுங்கள்.

அறிகுறி: மலையில் கேழ்வரகு வெளுத்துக் குட்டையாகிறது

சேர்வராயன் மலை ஊர்களில் கேழ்வரகும் சாமையும் சிறு சிறு துண்டாக வைப்பார்கள். கேழ்வரகில் இரண்டு வைரஸ் நோய் குழப்பும். இலை முழுக்கத் திட்டுத்திட்டான தேமல் என்றால் அசுவினி வழி. நரம்போடு சேர்ந்து வெளிர்க் கீற்றுகளாக ஓடினால் இலைத் தத்துப்பூச்சி வழி. இரண்டிலும் கதிர் சிறுத்துப்போகும். துண்டு சிறியது என்பதால் மலையில் கையால் பிடுங்குவதே நன்றாக வேலை செய்யும். நாற்று விட்டு நடுபவர்கள் நாற்றங்காலிலேயே வெளிறிய நாற்றை ஒதுக்கிவிட்டால் நடவு வயலுக்கு நோய் போவது பாதியாகக் குறையும் என்பது என் கணிப்பு.

அறிகுறி: இலை பிசுபிசுக்கிறது, கருப்புப் படலம், எறும்பு ஏறுகிறது

இங்கே பேன் இருக்கிறது, ஆனால் நோய் இருக்க வேண்டும் என்பதில்லை. பேன் கழிக்கும் இனிப்புத் தண்ணீர்தான் பிசுபிசுப்பு. அதில் வளர்வது கரும்பூசணம், அதைத் தேடி வருவது எறும்பு. மக்காச்சோளத்தில் குருத்திலும் ஆண் பூவிலும் நீலப்பச்சை உடம்பும் கருப்புக் காலுமாகக் கூட்டமாக இருக்கும். சோளத்தில் அடி இலைகளின் கீழ்ப்பக்கம் வெளிர் மஞ்சளாக இருப்பது கரும்பு அசுவினி.

விரலால் தேய்த்துவிட்டு உடனே மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். கூட்டத்துக்குள் உற்றுப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் ஊதியதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் பேன் இருந்தால், அதற்குள் ஒட்டுண்ணிக் குளவி குடியேறியிருக்கிறது. முதலைபோல நீண்டு கறுத்து ஆரஞ்சுப் புள்ளியோடு ஓடுவது பொறிவண்டின் புழு. இதைப் பயிரைத் தின்னும் புழு என்று நினைத்துக் கொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கால் இல்லாமல் நத்தைபோல ஊர்ந்து பேனைத் தூக்கி உறிஞ்சுவது சிர்பிட் ஈயின் புழு. இவை மூன்றில் இரண்டு கண்ணில் பட்டால் ஐந்து நாள் பொறுங்கள். ஒரு நல்ல மழை பெய்தாலும் பேன் பாதி போய்விடும்.

பாதிக்கு மேற்பட்ட செடிகளில் ஆண் பூவே தெரியாத அளவு பேன் அப்பி, மழையும் இல்லாமல், தண்ணீரும் குறைவாக இருந்தால் மகரந்தம் கொட்டுவது கெடும். அப்போது வேப்பெண்ணெய் லிட்டருக்கு 30 மில்லி, காதி சோப்புக் கரைசலோடு, மாலையில். காலையில் மகரந்தம் எடுக்கத் தேனீ வரும் நேரத்தில் எதையும் அடிக்க வேண்டாம்.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். 2018-ல் படைப்புழு வந்ததிலிருந்து குருத்தில் மருந்து ஊற்றுவது எங்கள் பக்கம் பழக்கமாகிவிட்டது. புழுவுக்காக அடிக்கும், எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்து பொறிவண்டையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. அடுத்த இரண்டு வாரத்தில் பேன் பெருகும். குட்டியாகவே பிறந்து, ஆண் இல்லாமலேயே, ஏறக்குறைய ஒரு வாரத்தில் அடுத்த தலைமுறை போடும் பூச்சி இது. புழுவுக்கு அடிப்பதாக இருந்தால் புழுத் தின்ற குருத்துக்குள் மட்டும் படும்படி அடியுங்கள், வயலை நனைக்க வேண்டாம்.

தேமல் உறுதியாகிவிட்டது, இப்போது என்ன?

பயிரின் வயதைப் பாருங்கள். 30 நாளுக்குள், நூற்றுக்கு ஐந்தாறு செடி என்றால் அன்றே பிடுங்குங்கள். ஆட்டி உதறாமல் சாக்கில் போட்டு வெளியே கொண்டு போங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம் இதைச் செய்யவேண்டும். நூற்றுக்கு முப்பது என்று ஆகிவிட்டால் பிடுங்கிப் பயனில்லை. இடம் காலியாகி, வெறும் மண் தெரிய, இறங்கும் பேனுக்கு மிச்சச் செடி இன்னும் பளிச்சென்று தெரியும். மிகச் சின்னப் பயிராக இருந்து பருவமும் இருந்தால் அழித்துவிட்டு உளுந்தோ எள்ளோ விதைப்பதை யோசிக்கலாம்.

பூ எடுக்கும் நேரத்தில் நோய் வந்தால் பதற வேண்டாம். எவ்வளவு முன்னால் வருகிறதோ அவ்வளவு இழப்பு. பூத்தபின் வந்தால் கதிருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. தண்ணீரைத் தவறவிடாதீர்கள். வெளுப்பைப் பார்த்து யூரியாவை அள்ளி வைக்காதீர்கள். தழைச்சத்து கூடிய கொழுத்த இலையில் பேன் இன்னும் வேகமாகப் பெருகும். பெரியப்பா கடைசி மேலுரத்தைப் பரிந்துரை அளவோடு நிறுத்தி, தண்ணீர் மட்டும் ஒழுங்காக விட்டார். வரப்போரம் நாலு வரிசையில் கதிர் சிறுத்தது. உள்ளே பரவாயில்லை.

அடுத்த பட்டத்துக்கு

மருந்து நிறுத்த முடியாததை நாளும் இடமும் நிறுத்தும் என்பதுதான் என் அனுபவம்.

பக்கத்து வயல்காரரோடு பேசி ஒரே வாரத்தில் விதையுங்கள். ஒருவர் ஆடியில், ஒருவர் ஆவணியில், ஒருவர் புரட்டாசியில் என்று போனால் முற்றிய பயிரிலிருந்து இறக்கை முளைத்த பேன் இளம் பயிருக்கு ஏறிக்கொண்டே இருக்கும். கடைசியில் விதைத்தவர்தான் அதிகம் இழப்பார். முன்பின்னாகத்தான் விதைக்க முடியும் என்றால் காற்றைப் பாருங்கள். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வரும். அப்போது முதல் விதைப்பைக் கிழக்குத் துண்டில் வைத்து, பிந்திய விதைப்பை மேற்குத் துண்டில் வையுங்கள். காற்றோடு பறக்கும் பேன் இளம் பயிரின் பக்கம் பெரும்பாலும் வராது.

கரும்பை ஒட்டி மக்காச்சோளம் வேண்டாம். வேறு வழியில்லை என்றால் கரும்பில் தேமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறுத்த மக்காச்சோளத்தில் சிந்திய மணி முளைத்து நிற்பதையும், வாய்க்கால் ஓரத்தில் தானாக வந்த காட்டுச்சோளத்தையும் விதைப்புக்கு முன் எடுத்துவிடுங்கள். இந்த வைரஸ் புல் குடும்பத்துக்குள்தான் சுற்றுகிறது. கோரையையும் அகன்ற இலைக் களையையும் பயிருக்காக எடுங்கள், தேமலுக்காகத் தேடவேண்டியது புல்லைத்தான்.

வரப்போரம் இரண்டு வரிசை துவரையோ ஆமணக்கோ முன்கூட்டியே விதைத்தால் வெளியிலிருந்து வரும் பேன் முதலில் அதில் இறங்கிக் குத்தும். அங்கேயே ஊசி சுத்தமாகிவிடும். தட்டைப்பயறு பொறிவண்டை வரவழைக்கும் என்று ஊடுபயிராகப் போடச் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் அதில் கருப்புப் பேன் ஏறிவிட்டால் அதே பேன் இறக்கை முளைத்து மக்காச்சோளத்தையும் குத்திப் பார்க்கும். தட்டைப்பயறு போட்டவர்கள் அதையும் வாரம் ஒரு முறை பார்த்து, பேன் ஏறிய நுனியைக் கிள்ளி எடுக்க வேண்டும்.

60-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றுகிறோம். ஓர வரிசைகளில் மட்டும் குழிக்கு இரண்டு விதை போட்டு, 20-ம் நாள் குருத்தைப் பார்த்து, தேமல் உள்ளதைக் களைந்துவிட்டால் இடம் காலியாகாது. வரிசைக்கு நடுவே பழைய தட்டையோ வைக்கோலோ பரப்பினால் பேன் இறங்குவது குறையும், ஈரமும் நிற்கும். கதிரிலிருந்து எடுத்த மணியை விதையாக்க வேண்டாம். இந்த வைரஸ் குறைந்த அளவில் மக்காச்சோள விதை வழியாகவும் வரும். முளைத்த முதல் வாரத்திலேயே வயலுக்கு நடுவே நாலு செடியில் நோய் என்றால், பேன் எடுத்துச் செல்ல அதுவே போதும்.

மாதிரி எடுத்துப் போவது

இவ்வளவும் பார்த்து இன்னும் சந்தேகம் என்றால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ செடியைக் கொண்டு போங்கள். வெளி இலையை மட்டும் கிள்ளி எடுத்துப் போனால் யாராலும் சொல்ல முடியாது. நோய் தொடங்கிய நிலையில் ஒரு செடி, முற்றிய நிலையில் ஒன்று, பக்கத்திலிருந்த நல்ல செடி ஒன்று என்று மூன்றை வேரோடு எடுங்கள். வேரை மட்டும் ஈரச் சாக்கில் சுற்றுங்கள், இலையை நனைக்க வேண்டாம். பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வைத்தால் சாலையைத் தாண்டுவதற்குள் அவிந்துவிடும். விதைத்த தேதி, ரகம், அடித்த மருந்துகளின் பெயர், கடைசியாக அடித்த நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வயலை நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள்.